உங்களுக்குத் தெரியுமா? நின்றால் காவல், சாய்ந்தால் தாக்குதல்!

சதுரங்கத்தில் ஒவ்வொரு காய்க்கும் ஒரு முகம் உண்டு. குதிரையைக் குழந்தை கூடக் கண்டுபிடித்துவிடும். முகமே இல்லாத காய்களை வைத்து ஆடும் ஆட்டங்கள் இருப்பது தெரியுமா? பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்றே அளவு. எல்லாம் ஒரே வடிவம். உள்ளே வெற்றிடமாக, ஒன்றன் மேல் ஒன்று கவிழும் பிளாஸ்டிக் பிரமிடுகள். ராஜாவா சிப்பாயா என்று சொல்ல அவற்றில் எந்த அடையாளமும் கிடையாது. நிற்கிறதா, படுத்திருக்கிறதா, முனை யாரைக் காட்டுகிறது, எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் அடையாளம். இந்த முறை அந்தப் பிரமிடுகளைப் பற்றித்தான்.

* * *

இந்தக் காய்கள் முதலில் கதையில்தான் பிறந்தன. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஆண்ட்ரூ லூனி ‘தி எம்ப்டி சிட்டி’ என்றொரு கதை எழுதினார். அதில் வருபவர்கள் பிரமிடுகளை வைத்து ‘ஐஸ்ஹவுஸ்’ என்ற ஆட்டத்தை ஆடுவார்கள். ஆட்டத்துக்குப் பெயர் இருந்தது, காய் இருந்தது, விதிதான் இல்லை. அந்த விதிகளை வகுத்துக் கற்பனையை மேசைக்குக் கொண்டுவந்தவர் லூனியின் நண்பர் ஜான் கூப்பர். 1990-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

* * *

கதைக்குள்ளிருந்து வெளியே வந்த ஆட்டம் இது ஒன்று மட்டுமல்ல. ‘டார்சன்’ கதைகளை எழுதிய எட்கர் ரைஸ் பரோஸ், ‘தி செஸ்மென் ஆஃப் மார்ஸ்’ நாவலில் (1922) செவ்வாய் கிரகத்தார் ஆடும் ‘ஜெட்டான்’ என்ற சதுரங்கத்தைப் படைத்தார். பத்துக்குப் பத்து கட்டம். ஆளுக்கு 20 காய். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் ஆரஞ்சு. விதிகளை நாவலின் பின்னிணைப்பாகவே கொடுத்துவிட்டார். பேட்ரிக் ராத்ஃபஸ் 2011-இல் வெளியிட்ட நாவலில் ‘டாக்’ என்ற ஆட்டம் வருகிறது. ஜேம்ஸ் எர்னஸ்ட் என்ற வடிவமைப்பாளர் அதற்கு விதி எழுத, 2016-இல் அது நிஜமாகவே கடைக்கு வந்தது.

* * *

ஆண்ட்ரூவும் அவர் மனைவி கிறிஸ்டினும் நாசாவின் கோடார்ட் விண்வெளி மையத்தில் வேலை பார்த்தவர்கள். ஆண்ட்ரூ மென்பொருள் எழுதினார், கிறிஸ்டின் பொறியாளர். 1996-இல் இருவரும் சேர்ந்து மேரிலாந்து மாநிலத்தில் ‘லூனி லேப்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ‘ஃப்ளக்ஸ்’ என்ற சீட்டாட்டத்தால்தான் அந்த நிறுவனத்தைப் பலருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் அவர்கள் உலகுக்குத் தந்த பெரிய சொத்து பிரமிடுகள்தான்.

* * *

ஐஸ்ஹவுஸில் முறை வைத்து ஆடுவது கிடையாது! நான்கு பேரும் ஒரே நேரத்தில், யார் எப்போது வேண்டுமானாலும் காயை வைக்கலாம். பலகையும் கிடையாது, வெறும் மேசை போதும். ஆளுக்கு ஒரு நிறம், 15 காய்: ஒவ்வோர் அளவிலும் ஐந்து.

நிமிர்த்தி வைத்தால் அது காவல் காய். படுக்க வைத்து முனையை எதிரியின் காவல் காய்ப் பக்கம் திருப்பினால் அது தாக்கும் காய். எவ்வளவு தூரத்திலிருந்து தாக்கலாம்? அந்தக் காயின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம். அளவுகோலே தேவையில்லை, காயே அளவுகோல். சிறியதற்கு ஒரு புள்ளி, நடுத்தரத்துக்கு இரண்டு, பெரியதற்கு மூன்று. தாக்குபவர்களின் மொத்தப் புள்ளி காவல் காயின் புள்ளியைத் தாண்டினால் காவல் காய் உறைந்துபோகும். அதன் சொந்தக்காரருக்கு அதனால் ஒரு புள்ளியும் தேறாது. சமமாக இருந்தால் போதாது, தாண்ட வேண்டும். பெரிய காவல் காயை ஒரு பெரிய காயால் மட்டும் வீழ்த்த முடியாது. இன்னொன்றின் துணை வேண்டும். அந்த இன்னொன்றை வேறு யாராவது வைக்கட்டும் என்று காத்திருக்கலாம். அவரும் அப்படியே நினைத்துக் காத்திருந்தால்?

ஆட்டத்தின் உயிர் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. முந்தி வைத்தவன் தன் திட்டத்தைக் காட்டிக் கொடுக்கிறான். பிந்தியவனுக்கு இடம் கிடைப்பதில்லை. ஒருவர் எட்டுக் காய்களை வைத்த பிறகு, உறையாத காவல் காய் ஒன்றுகூட இல்லாமல் நின்றால், இன்னொருவர் ‘ஐஸ்ஹவுஸ்’ என்று கூவலாம். கூவியதும் மாட்டிக்கொண்டவரின் மதிப்பெண் பூஜ்யம். ஒருவர் எடுக்கக்கூடிய அதிகபட்சம் 30. அத்தனை காயும் பலித்தால்தான் அது. ஒரு நண்பரை நெருக்கடியில் பார்க்க வேண்டுமானால் பத்து நிமிடம் இந்த ஆட்டத்தை அவருடன் ஆடினால் போதும்.

* * *

தொடக்கத்தில் இந்தக் காய்கள் அடுக்கக் கூடியவையாக இல்லை. கையால் வார்த்த, உள்ளே நிறைந்த கட்டிக் காய்கள். ஐஸ்ஹவுஸுக்கு அதுவே போதும். 1990-களின் இறுதியில் உள்ளீடற்ற பிளாஸ்டிக் காய்கள் வந்தபின் ஒரு புதிய வாசல் திறந்தது. பெரியதை அடியில் வைத்து, அதன் மேல் நடுத்தரம், உச்சியில் சிறியது என்று ஏற்றினால் மூன்றும் கண்ணுக்குத் தெரியும். ஆடுபவர்கள் அதை ‘மரம்’ என்கிறார்கள். தலைகீழாக, சிறியதை நடுத்தரத்தால் மூடி, அதையும் பெரியதால் மூடினால் உள்ளே இருப்பது மறைந்துவிடும், அது ‘கூடு’. ஒரு பொருளை மறைக்கவும் காட்டவும் முடிகிறது என்றால் அதிலிருந்து எத்தனையோ ஆட்டங்கள் முளைக்கும்.

* * *

‘வால்கனோ’ அப்படி முளைத்ததுதான். ஐந்துக்கு ஐந்து கட்டம், கட்டத்துக்கு ஒரு கூடு, ஆக 25 எரிமலைகள், 75 காய்கள். சில எரிமலைகளின் உச்சியில் மட்டும் தனி நிறத்தில் சிறு மூடிகள். ஒரு மூடியை நகர்த்தினால், திறந்த எரிமலை அதே திசையில் வெடித்து, உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாக வரிசையாகப் போய் விழும். தன் அளவுள்ள காயின் மேல் விழுந்த காய் ஆடியவருக்குச் சொந்தம். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த பிரமிடு ஆட்டம் கிடையாது என்று தாராளமாகச் சொல்லலாம்.

* * *

அடுக்கின் உச்சியில் இருப்பவனே அடுக்குக்குச் சொந்தக்காரன் என்ற யோசனைக்கு வயது நூற்றுக்கு மேல். 1894 முதல் 1921 வரை உலகச் சதுரங்க சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர், 1911-இல் ‘லாஸ்கா’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார். ஏழுக்கு ஏழு பலகை, ஆளுக்கு 11 வட்டுகள். எதிரியை வெட்டினால் அந்த வட்டு பலகையை விட்டு வெளியே போகாது; வெட்டியவனின் அடியில் கைதியாகச் சேரும். அடுக்கை வெட்டும்போது உச்சி மட்டும்தான் போகும். கீழே அடைபட்டிருந்த கைதி மறுபடி தலைவனாகி நிமிர்வான்.

பிரமிடுகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்தது ‘ஐஸ்டவர்ஸ்’. அங்கேயும் முறை கிடையாது, எல்லாரும் ஒரே நேரத்தில் கோபுரம் கட்டுவார்கள். உச்சி யாருடைய நிறமோ, கோபுரத்தின் மொத்தப் புள்ளியும் அவருக்கு.

* * *

‘மார்ஷியன் செஸ்’ என்கிற செவ்வாய்ச் சதுரங்கத்தில் காயின் நிறத்துக்கு அர்த்தமே இல்லை. என் பக்கம் நிற்கும் காய் என்னுடையது. எல்லையைத் தாண்டிவிட்டால் உங்களுடையது. அவ்வளவுதான்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆடிப் பார்த்தால் மனம் படும் பாடு வேறு. என் ராணியை அனுப்பி உங்கள் காயை வெட்டுகிறேன். வெட்டிய காய் என் கணக்கில் சேர்கிறது, ஆனால் ராணி இப்போது உங்கள் பக்கம் நிற்கிறாள். உங்கள் முறை வரும்போது அவளை வைத்தே நீங்கள் என்னை வெட்டலாம். ஒவ்வொரு தாக்குதலும் எதிரிக்குத் தரும் ஆயுதம். வலிமையான காயை அனுப்புவதா, அற்பக் காயை அனுப்புவதா என்ற கேள்வி சாதாரணச் சதுரங்கத்தில் இந்த அளவுக்குக் கூர்மையாக எழுவதில்லை. ஆண்ட்ரூ லூனியின் படைப்புகளில் மிக அழகானது இதுதான் என்பது என் முடிவு.

விதி முழுவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இருவர் ஆட, சதுரங்கப் பலகையில் பாதி போதும்: நான்கு கட்ட அகலம், எட்டுக் கட்ட நீளம். நடுவில் எல்லைக்கோடு; ஆளுக்கு நான்குக்கு நான்கு. ஆளுக்கு ஒன்பது காய்: ஒவ்வோர் அளவிலும் மூன்று. உங்கள் பக்கத்தின் ஒரு கோடியில் மூன்றுக்கு மூன்று கட்டத்தில் அடுக்குங்கள். எதிராளி குறுக்கே எதிர் மூலையில். மூலைக் கட்டத்திலும் அதை ஒட்டிய இரண்டிலும் பெரியவை. அடுத்த மூலைவிட்ட வரிசையில் மூன்று நடுத்தரம். எஞ்சிய மூன்றில் சிறியவை. பெரியது ராணி, எத்திசையிலும் எத்தனை கட்டமும் போகும். நடுத்தரம் நேராகவோ பக்கவாட்டிலோ ஒன்று அல்லது இரண்டு கட்டம். சிறியது மூலைவாக்கில் ஒரே கட்டம். எதுவும் எதையும் தாண்டக் கூடாது. எதிராளி இப்போதுதான் உங்கள் பக்கம் அனுப்பிய காயை, உடனே அது வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பக் கூடாது. ஒருவர் பக்கம் காயே இல்லாமல் போனதும் ஆட்டம் முடிந்தது. வெட்டிய காய்களின் புள்ளிகளை (3, 2, 1) கூட்டிப் பார்த்து அதிகம் வைத்திருப்பவர் வெற்றி.

* * *

பகடைகூடப் பிரமிடாக இருந்தது ஒரு காலம். இன்றைய இராக்கில் உள்ள ஊர் என்ற பழைய நகரில் 1920-களில் லெனார்ட் வூலி அகழாய்வு செய்தபோது, சுமார் 4,500 ஆண்டு பழமையான ஆட்டப் பலகைகள் கிடைத்தன. அந்த ஆட்டத்தின் பகடைகள் நான்கு முகம் கொண்ட முக்கோணக் கட்டிகள். நான்கு முனைகளில் இரண்டுக்கு மட்டும் குறி. அவற்றில் சில இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன.

* * *

இன்னொன்று, படித்தபோது என்னை மலைக்க வைத்தது. அடுக்கிக் கட்டிய பிரமிடுக் காய் ஐரோப்பாவில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது!

11-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மடாலயங்களில் ‘ரித்மோமாக்கியா’ என்ற ஆட்டம் தோன்றியது. எண்களின் போர் என்று சொல்லலாம். எட்டுக்குப் பதினாறு கட்டப் பலகை. வட்டம், முக்கோணம், சதுரம் என மூன்று வடிவக் காய்கள்; ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். கூட்டல், பெருக்கல் கணக்கு சரியாக அமைந்தால்தான் எதிரியின் காயைப் பிடிக்க முடியும். துறவிகள் மாணவர்களுக்கு விகிதக் கணக்கைச் சொல்லித்தர இதைப் பயன்படுத்தினார்கள்.

இருதரப்புக்கும் தலைமைக் காய் ஒரு பிரமிடு. பல காய்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றியது. வெள்ளைப் பிரமிடு 36, 25, 16, 9, 4, 1 என ஆறு அடுக்கு. கூட்டினால் 91. கறுப்புப் பிரமிடு 64, 49, 36, 25, 16 என ஐந்து அடுக்கு. கூட்டினால் 190. எல்லாமே வர்க்க எண்கள் என்பதைக் கவனித்தீர்களா? எதிரி முழுப் பிரமிடையும் பிடிக்கலாம், அல்லது ஓர் அடுக்கை மட்டும் உருவலாம். சில நூற்றாண்டுகள் படித்தவர்களின் ஆட்டமாகச் சதுரங்கத்துக்கு இணையாகப் பேசப்பட்டது. தாமஸ் மோர் 1516-இல் எழுதிய ‘யுடோப்பியா’விலும் எண்கள் மோதிக்கொள்ளும் ஆட்டம் ஒன்று வருகிறது. 17-ஆம் நூற்றாண்டோடு ரித்மோமாக்கியா மங்கிப்போனது. கணக்கு வகுப்பை இத்தனை அழகாக ஆட்டமாக்கிய ஒன்று மறைந்துபோனது பெரிய இழப்பு. கணித ஆசிரியர்கள் இதை மீட்டெடுத்தால் நல்லது.

* * *

கோரி ஹீத் உருவாக்கிய ‘ஸெண்டோ’வில் எதிரிகள் கிடையாது, ரகசியம்தான் உண்டு. ஒருவர் குரு, மற்றவர் சீடர்கள். குரு மனதில் ஒரு விதி வைத்துக்கொள்கிறார். ‘மஞ்சள் காய் ஒன்றாவது இருக்க வேண்டும்’ என்பது போல. பிறகு பிரமிடுகளால் இரண்டு அமைப்புகளைக் கட்டிக் காட்டுகிறார். ஒன்று விதிக்குப் பொருந்துவது, மற்றது பொருந்தாதது. பொருந்துவதன் பக்கத்தில் வெள்ளைக் கல், பொருந்தாததன் பக்கத்தில் கறுப்புக் கல். இனிச் சீடர்கள் ஒவ்வொருவராகப் புது அமைப்புகளைக் கட்ட வேண்டும். குரு கல் வைத்துத் தீர்ப்பு சொல்வார். விதி இதுதான் என்று யூகித்துச் சொன்ன சீடர் தவறினால், அந்த யூகத்தை உடைக்கும் அமைப்பு ஒன்றைக் குருவே கட்டிக் காட்டியாக வேண்டும்.

அறிவியல் நடக்கும் விதமே இதுதான். இயற்கை விதியை வாய்விட்டுச் சொல்வதில்லை. நாம் சோதனை செய்தால் ஆம், இல்லை என்று மட்டும் பதில் தருகிறது.

இந்த ஆட்டத்தில் திணறுபவர்கள் ஏன் திணறுகிறார்கள் என்பதற்கு உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-இல் வெளியிட்ட சோதனை விடை சொல்கிறது. 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவை எந்த விதிக்கு உட்பட்டவை என்று கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு மூன்று எண்களைச் சொல்லிப் பார்க்கலாம். பொருந்துமா இல்லையா என்று பதில் வரும். பெரும்பாலோர் ‘இரண்டு இரண்டாகக் கூடுகிறது’ என்று முடிவு கட்டி, 8, 10, 12 போன்றவற்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். 1, 2, 3 என்றாலும் பொருந்தியிருக்கும். தங்கள் யூகத்தை உடைத்துப் பார்க்க மனம் வராததால் பலர் முதலில் தவறான விடையையே சொன்னார்கள். ஸெண்டோ ஆடுபவர் இந்தப் பழக்கத்தை விட்டால்தான் ஜெயிக்க முடியும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆராய்ச்சி மனப்பான்மையைச் சொற்பொழிவால் ஊட்ட முடியாது. இந்த ஆட்டத்தால் முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

* * *

ஸெண்டோவுக்குச் சீட்டுக்கட்டில் ஒரு மூத்த உறவு உண்டு: ராபர்ட் அபாட் 1956-இல் உருவாக்கிய ‘எலூசிஸ்’. மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் 1959-இல் அதைப் பற்றி எழுதியதும் கணிதக்காரர்களிடையே பரவியது.

* * *

தாயமோ பகடையோ அதிர்ஷ்டமோ எதுவும் இல்லாமல், பலகைகூட இல்லாமல் ஒரு விண்வெளிப் போரை 36 பிரமிடுகளில் நடத்த முடியும். ஜான் கூப்பரின் ‘ஹோம்வேர்ல்ட்ஸ்’ அது. நான்கு நிறம், மூன்று அளவு, ஒவ்வொன்றிலும் மூன்று. நிமிர்ந்து நிற்பவை நட்சத்திரங்கள், படுத்திருப்பவை கப்பல்கள். கப்பலின் முனை உங்களைப் பார்த்தால் அது எதிரியுடையது.

சிவப்பு பறிக்கும், மஞ்சள் நகரும், பச்சை பெருக்கும், நீலம் நிறம் மாற்றும். ஒரு நட்சத்திரத்திடமோ அங்கே நிற்கும் உங்கள் கப்பலிடமோ அந்த நிறம் இருந்தால்தான் அந்த வேலையை அங்கே செய்யலாம். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, இரண்டும் வெவ்வேறு அளவாக இருக்க வேண்டும். அளவே வரைபடம்! ஒரே இடத்தில் ஒரே நிறம் நான்கு சேர்ந்துவிட்டால் பேரழிவைக் கிளப்பி அந்த நிறம் முழுவதையும் துடைத்துவிடலாம். எதிரியின் வீடான நட்சத்திரத்தில் வேண்டுமென்றே நான்காவதைக் கொண்டுபோய் நிறுத்துவது இந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற தந்திரம்.

நுணுக்கம் இன்னொன்றில் இருக்கிறது. புதுக் கப்பல் கட்டும்போது, இருப்பில் அந்த நிறத்தில் உள்ளவற்றிலேயே மிகச் சிறியதைத்தான் எடுக்க வேண்டும். மூன்று சிறியவையும் தீர்ந்தால் நடுத்தரம். அதுவும் தீர்ந்தால் பெரியது. ஆகவே எதிரிக்குப் பெரிய கப்பல் கிடைக்கும் நிலையை நாமே உண்டாக்கிவிடக் கூடாது. மேசையில் இருப்பதைப் போலவே இருப்பில் மிச்சம் இருப்பதையும் எண்ணிக்கொண்டே ஆட வேண்டும். பழகச் சிரமமான ஆட்டம்தான். பொறுமையுள்ள இருவர் அமைந்தால் சதுரங்கத்துக்கு நிகராகப் பல ஆண்டு ஆடலாம்.

* * *

விருதுகளும் உண்டு. சிறந்த கருத்தியல் பலகை ஆட்டத்துக்கான அமெரிக்காவின் ‘ஆரிஜின்ஸ்’ விருது, 2000-ஆம் ஆண்டுக்கு ஐஸ்ஹவுஸ் தொகுப்புக்கும் 2003-ஆம் ஆண்டுக்கு ஸெண்டோவுக்கும் கிடைத்தது.

* * *

2016-இல் வந்த ‘பிரமிட் ஆர்கேட்’ பெட்டியில் பத்து நிறங்களில் 90 பிரமிடுகள். அவற்றை வைத்து ஆட 22 ஆட்டங்கள். ஒரு சீட்டுக்கட்டில் ரம்மியும் ஆடலாம், கழுதையும் ஆடலாம் அல்லவா? அப்படித்தான் இந்தக் காய்களும். ஆட்டத்தை விற்காமல் ஆட்டங்களுக்கான கருவியை விற்றதால், அறிமுகமே இல்லாத யார் யாரோ புதுப்புது விதிகளை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

* * *

வெளிநாட்டுப் பெட்டிக்கு விலை அதிகம். அதற்காக ஆடாமல் இருக்க வேண்டாம். கெட்டியான பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளே போதும். பெரிய காய்க்கு, அடி 2.5 செ.மீ., உயரம் 4.6 செ.மீ. உள்ள இருசமபக்க முக்கோணம் நான்கை ஒட்டினாற்போல் வரைந்து, பசை தடவ ஓரத்தில் ஒரு சிறு மடிப்பு விட்டு வெட்டுங்கள். நடுத்தரத்துக்கு 2 செ.மீ., 3.6 செ.மீ. சிறியதற்கு 1.4 செ.மீ., 2.6 செ.மீ. அடிப்பக்கத்தை மூட வேண்டாம். மூடினால் கவிழ்த்து அடுக்க முடியாது. ஒவ்வோர் அளவிலும் ஆறு செய்தால் 18 காய். செவ்வாய்ச் சதுரங்கத்துக்கு அது போதும். நிறம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, விதி முழுவதும் மேலே இருக்கிறது. இந்த விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து, ஆடிப் பாருங்கள்.